வளர்ப்பு விலங்குகளின் பழைய விலாசம்

முதன்முறையாக முயல் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான் பதறுவார்கள். தாய் முயல் குட்டி போட்டிருக்கும். கண் திறக்காத, ரோமம் முளைக்காத ஆறேழு குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். தாயோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கூண்டின் மறுமூலையில் உட்கார்ந்து புல்லை மென்றுகொண்டிருக்கும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை காவல் இருந்து பார்த்தாலும் ஒரு தடவைகூடப் பால் கொடுத்தது கண்ணில் படாது. ‘பெற்றதை ஒதுக்கிவிட்டது’ என்று முடிவுகட்டி, தாயைப் பிடித்துக் குட்டிகள்மேல் உட்காரவைப்பார்கள். அல்லது குட்டிகளை எடுத்துப் பசும்பால் ஊட்டத் தொடங்குவார்கள். அப்புறம் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகும்.

தாய் முயல் எதையும் ஒதுக்கவில்லை. நாம் வளர்க்கும் முயல்கள் எல்லாம் தென்மேற்கு ஐரோப்பாவின் காட்டு முயலிலிருந்து வந்தவை. அங்கே நரியும் மரநாயும் மோப்பம் பிடித்தே குட்டிகளைத் தேடும். தாய் போய்வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாசனைத் தடம் விழும். அதனால் காட்டு முயல் குட்டிகளுக்கென்று தனியாக ஒரு சிறு வளை தோண்டி, தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் படுக்கை போட்டு, ஈன்றதும் வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் இருட்டில், மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் வந்து பால் கொடுக்கும். அந்த ஐந்து நிமிடம் ஒரு நாளுக்குப் போதும்படி, பசும்பாலில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கொழுப்பு அந்தப் பாலில் இருக்கிறது. குட்டிகளைவிட்டு விலகி இருப்பதுதான் அந்தத் தாய் தரும் பாதுகாப்பு.

இந்த முயலைக் கூண்டுக்குள் மட்டும் வைத்துப் பார்த்தால் அது கல்நெஞ்சுக்காரி. அதன் பழைய விலாசம் தெரிந்தால் அதே நடத்தை பாசமாகத் தெரிகிறது. வளர்ப்பு விலங்குகளைப் புரிந்துகொள்ளப் பரிணாமமும் சூழலியலும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு விலங்கு இப்போது எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதன் உடலும் பழக்கமும் எந்த நிலத்தில், எந்த எதிரிக்கு முன்னால், எந்தத் தீனியைத் தின்று உருவாயின என்பதையும் தெரிந்துகொண்டால்தான் அதன் நோயும் நடத்தையும் விளங்கும்.

விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1963இல் விலங்கு நடத்தையைப் பற்றி நான்கு கேள்விகளை வகுத்தார். இது எப்படி இயங்குகிறது? ஒரு விலங்கின் வாழ்நாளில் இது எப்படி வளர்ந்து வருகிறது? உயிர்பிழைக்கவும் இனம் பெருக்கவும் இதனால் என்ன பயன்? மூதாதைகளிடமிருந்து இது எந்த வழியாக வந்தது? பண்ணையிலும் மருத்துவமனையிலும் நாம் முதல் இரண்டு கேள்விகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். பின்னிரண்டைக் கேட்காததால்தான் முயல் குட்டிகள் சாகின்றன.

இத்தனை காலம் மனிதனோடு வாழ்ந்த பிறகும் பழைய நிலம் ஒட்டிக்கொண்டிருக்குமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாய் நம்மோடு சேர்ந்து குறைந்தது சுமார் 15,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆடு, மாடு, பன்றி எல்லாம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளை ஒட்டியவை. இன்றைய குதிரைகள் எல்லாம் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளியிலிருந்து பரவியவை என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இவற்றின் மூதாதைகளோ பல லட்சம் ஆண்டுகள் காட்டில் வாழ்ந்தவை. லட்சங்களுக்கு முன்னால் சில ஆயிரம் என்பது சொற்பம்.

அந்தச் சில ஆயிரத்திலும் மனிதன் தேர்ந்தெடுத்தது குறிப்பிட்ட சில குணங்களைத்தான். முதலில் அச்சம் குறைந்தவற்றை, பிறகு வேகமாக வளர்பவற்றை, நிறையப் பால் கறப்பவற்றை, அதிகம் முட்டை இடுபவற்றை. 1959இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் மரபியலாளர் திமித்ரி பெலியாயெவ் தொடங்கிய நரிச் சோதனை இதில் முதல் அடியைக் காட்டுகிறது. தலைமுறைதோறும் மனிதனைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் இணைசேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டு வாலாட்டும் நரிகள் பிறந்தன. அந்த நரிகள் கனடாவின் ரோமப் பண்ணைகளிலிருந்து வந்தவை, அங்கேயே ஓரளவு பழகியவை என்று பின்னாளில் விமர்சனம் வந்தது. அது நியாயமான விமர்சனம். ஆனாலும் அச்சத்தின் அளவைத் தேர்வின் மூலம் சீக்கிரம் குறைக்க முடியும் என்பதில் மாற்றமில்லை. மனிதனுக்குப் பயப்படாமல் இருப்பது வேறு, மண்ணைக் கிளறாமல் இருப்பது வேறு. பின்னதை யாரும் தேர்ந்தெடுத்து நீக்கவில்லை.

கோழியிடம் இதை நேராகவே பார்க்கலாம். கம்பித் தரைக் கூண்டில் நிற்கும் முட்டைக்கோழியைச் சற்று நேரம் கவனியுங்கள். திடீரென்று அது உட்காரும். இறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளும். அலகை நீட்டி, எதிரே மண் இருப்பதுபோல் தன் மார்புப் பக்கம் வாரி இழுக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து சிறகால் அடித்து, கால்களால் உதைத்து, உடம்பைக் கம்பியில் தேய்க்கும். கடைசியில் எழுந்து நின்று ஒரு உதறு உதறும். ஒரு துளித் தூசியும் விழாது. ஏனென்றால் அங்கே மண்ணே இல்லை. பிறந்ததிலிருந்து மண்ணைப் பார்த்திராத கோழியும் இப்படி மண்குளியல் செய்கிறது. இறகில் சேரும் பழைய எண்ணெய்ப் பசையையும் பேன்களையும் போக்கக் காட்டுக்கோழி கைக்கொண்ட வழி அது. மண் போன பின்பும் அசைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்களால் மறக்க முடியாது. எனக்கு ‘கூண்டு’ என்றாலே அதுதான் நினைவுக்கு வரும்.

கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் இந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்து வந்தது. இதுவரை அறிந்ததில் மிகப் பழைய வளர்ப்புக் கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை என்று 2022இல் ஓர் ஆய்வு வாதிட்டது. மானாவாரி நெல்லும் சிறுதானியமும் பயிரான இடங்களுக்குச் சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழிகள் வந்து சேர்ந்திருக்கும் என்பது அந்த ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். அப்படியென்றால் கோழி நம்மிடம் வந்ததே கிளறித் தின்னும் பழக்கத்தால்தான்.

காட்டுக்கோழி தரையில் கிளறித் தின்னும், இரவில் தரைவிலங்குகளுக்குப் பயந்து மரக்கிளையில் ஏறி அடையும், மறைவிடம் தேடி முட்டையிடும். சான் டியாகோ விலங்குக்காட்சிச் சாலையில் சுதந்திரமாகத் திரிந்த காட்டுக்கோழிகளைக் கவனித்தபோது, வேளாவேளைக்குத் தீனி போடப்பட்டும் அவை பகலில் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தைத் தரையைக் கொத்துவதிலேயே கழித்தன. வயிறு நிறைந்துவிட்டால் கொத்தும் ஆசை அடங்கிவிடும் என்று நினைப்பது தவறு. கொத்துவதற்குத் தரை கிடைக்காதபோது கோழி பக்கத்துக் கோழியின் இறகைக் கொத்துகிறது. பண்ணைகளில் பெரிய தொல்லையான இறகு கொத்தலுக்கு இது முக்கியக் காரணம் என்று இன்று பரவலாக ஏற்கிறார்கள். அலகை வெட்டுவது அதன் விளைவைக் குறைக்கிறதே தவிரக் காரணத்தைத் தொடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 தொடக்கத்திலிருந்து வெறுங்கூண்டுகளைத் தடைசெய்து, நிற்கக் கம்பும் முட்டையிடும் மறைவும் கிளற ஏதாவதும் இருக்க வேண்டும் என்று சொன்னதற்குப் பின்னால் இந்த வகை ஆய்வுகள்தான் நிற்கின்றன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். இன்றைய முட்டைக்கோழி 300க்கு மேல் இடுகிறது. ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தீனியில் வருவது போதாதபோது எலும்பிலிருந்து எடுக்கிறது. மார்பெலும்பு முறிவு முட்டைக்கோழிகளிடம் அவ்வளவு சகஜமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓர் உடலில் இருக்கும் சத்து ஒரு வேலைக்குக் கூடுதலாகப் போனால் இன்னொரு வேலைக்குக் குறையும். பரிணாமத்தின் அடிப்படை வரவுசெலவு இது. பால் கூடிய பசுக்களில் சினைபிடிப்பது குறைவதும் இதே கணக்கில் வருகிறது.

பூனை விஷயம் சுலபம். அது வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வாரிசு. சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகில் புதைக்கப்பட்ட பூனை கிடைத்திருக்கிறது. எலியின் உடலில் பெரும்பகுதி நீர் என்பதால் அதன் மூதாதைக்குத் தனியே தண்ணீர் தேடும் தேவை அவ்வளவாக இல்லை. சிறுநீரைக் கெட்டியாக்கி நீரைச் சேமிக்கும் சிறுநீரகம் அதற்கு வாய்த்தது. அந்த உடலுக்கு வெறும் உலர்தீனியைப் போட்டுவிட்டு, ‘தாகம் எடுத்தால் குடிக்கும்’ என்று விட்டுவிட முடியாது. குடிக்கத்தான் செய்யும், ஆனால் குறைவைச் சரிகட்டும் அளவுக்குக் குடிப்பதில்லை. அப்புறம், பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணு ஒன்று செயலிழந்துவிட்டது. இறைச்சியில் தாராளமாகக் கிடைத்ததால் டாரின் என்ற சத்தைத் தன் உடலில் போதிய அளவு தயாரிக்கும் திறனும் இல்லை. கடையில் விற்ற பூனைத்தீனியில் டாரின் குறைந்ததால் பூனைகளின் இதயத்தசை பலவீனப்படுகிறது என்பது 1987இல்தான் தெரியவந்தது.

குதிரையின் கதை இன்னும் வருத்தமானது. புல்வெளியில் ஒரு குதிரை நாளில் 16 மணி நேரம்வரை மேயும். சத்துக் குறைந்த நார்ப்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல். அதன் இரைப்பை உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கிறது, ஏனென்றால் நாள் முழுக்க உணவு வந்துகொண்டிருக்கும் என்ற ஏற்பாடு அது. அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். சரி, இந்த விலங்கை லாயத்தில் கட்டி, காலையும் மாலையும் தானியம் வைத்தால் என்ன ஆகும்? வெறும் இரைப்பையில் அமிலம் தேங்கும், புண் வரும். பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருக்கிறது. லாயத்தின் மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை இழுப்பதைக் ‘கெட்ட பழக்கம்’ என்று சொல்லிக் குதிரைகளின் கழுத்தில் பட்டை மாட்டினார்கள். காட்டில் மேயும் குதிரைகளிடம் அந்தப் பழக்கத்தைக் காண முடியாது. பழக்கத்தைக் கெடுத்தது லாயத்தின் நேர அட்டவணை.

விலாசத்தைத் தவறாக எழுதிக்கொண்டால் வரும் கேட்டுக்கு நாயை விடப் பெரிய உதாரணம் இல்லை. 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை மேலாதிக்கத்துக்காகச் சண்டையிடுவதை எழுதினார். அதிலிருந்து ‘ஆல்ஃபா ஓநாய்’ என்ற எண்ணம் பரவியது. நாய் ஓநாயின் வாரிசு, ஆகவே வீட்டு நாயும் தலைமைக்குப் போட்டியிடும், ஆகவே அதை அடக்கி மல்லாத்திப் பணியவைக்க வேண்டும் என்று பயிற்சிமுறைகளே கிளம்பின. டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் முதலில் அந்த எண்ணத்தைத் தம் நூலிலும் எழுதியவர். கனடாவின் வடகோடித் தீவொன்றில் பல கோடைகள் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999இல் அவரே அதைத் திருத்தினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே யாரும் சண்டைபோட்டுப் பதவி பிடிப்பதில்லை, வளர்ந்து, இணை தேடிக்கொண்டு போய்ப் பெற்றோராகிறார்கள். உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் பூட்டியதால் வந்த சண்டையை இயல்பு என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. தாம் எழுதியதைத் தாமே திருத்திய மெக்கின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

தவிர, நாய் ஓநாயாகவே நின்றுவிடவும் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் கணைய அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 நகல்கள் இருக்க, நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் கண்டறிந்தார்கள். மனிதக் குடியிருப்பின் எச்சில் உணவு நாயின் இரண்டாவது விலாசம். தெருவில் தன்போக்கில் வாழும் நாய்கள் பெரும்பாலும் கூட்டமாக வேட்டையாடுவதில்லை, தனியாகவோ ஓரிரண்டாகவோ குப்பையில் பொறுக்குகின்றன. ‘ஓநாய் இறைச்சிதானே தின்னும்’ என்று நாய்க்குப் பச்சை இறைச்சி மட்டுமே போடுபவர்கள் இந்த இரண்டாவது விலாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

விலங்கு மட்டும்தான் பரிணமிக்கிறது என்றும் நினைக்கக்கூடாது. அதன்மேல் வாழும் கிருமியும் புழுவும் நம் கண்முன்னேயே மாறுகின்றன. கோழிகளுக்கு வரும் மாரெக் நோயை 1907இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோஜெஃப் மாரெக் முதலில் விவரித்தபோது அது முதிர்ந்த கோழிகளுக்கு வரும் ஒரு வகை வாதம். 1970ஐ ஒட்டித் தடுப்பூசி வந்தது. அது கோழியைக் காப்பாற்றியது, ஆனால் வைரஸ் கோழிக்குள் பெருகி வெளியே பரவுவதை நிறுத்தவில்லை. மிகக் கொடிய வைரஸ் வகை, தடுப்பூசி போடாத கோழியைச் சுமார் பத்து நாளில் கொன்றுவிடும். கோழியோடு அதுவும் அழியும். தடுப்பூசி போட்ட கோழி உயிரோடு இருப்பதால் வாரக்கணக்கில் அதைப் பரப்பிக்கொண்டிருக்கும். 2015இல் வெளியான சோதனை இதை நேரடியாகக் காட்டியது. ஆகவே தடுப்பூசியே வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம், அது இல்லாவிட்டால் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கும். பரவலையும் தடுக்கும் ஊசியா, நோயை மட்டும் தடுக்கும் ஊசியா என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் அடைத்து வைப்பதும் வைரஸுக்கு ஒரு சூழல்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலங்கின் பழைய விலாசம், அதன்மேல் வாழும் உயிரின் பரிணாமம் இரண்டும் ஆட்டிடம் ஒன்றாகச் சேர்கின்றன. வெள்ளாட்டின் மூதாதை மேற்காசிய மலைச்சரிவுகளின் காட்டாடு. பாறையில் ஏறி, புதரையும் மரத்தழையையும் எட்டிக் கடித்துத் தின்றது. செம்மறியைப்போலத் தலை குனிந்து புல்லை மட்டும் மேயும் பிராணி அல்ல. இலை இலையாக ருசி பார்த்துத் தேர்ந்தெடுப்பது வெள்ளாட்டின் இயல்பு. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று ஆடு தொடாததை வைத்தே செடிகளுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. அந்த அளவுக்கு ஆட்டின் வாயைக் கவனித்திருக்கிறார்கள்.

ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு ஒன்று ஆடுகளின் நான்காம் இரைப்பையில் வாழ்கிறது. ஹீமாங்கஸ் என்று பெயர். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000க்கும் மேல் முட்டை இடும். புழுக்கையோடு வெளியே வரும் முட்டை பொரிந்து, இளம்புழு ஈரப்புல்லில் ஏறி நிற்கும். ஏறுவது தரையிலிருந்து சில அங்குலம்தான். புல் மேய்ந்து வாழ்ந்த செம்மறி தலைமுறை தலைமுறையாக இந்தப் புழுவைத் தின்றே வந்தது, ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் பெற்றது. தழையை எட்டித் தின்ற வெள்ளாடு புழுவை விட்டு விலகி நின்றே தப்பியது. அதனால் அதற்கு அந்த எதிர்ப்புச் சக்தி குறைவு. அதே வெள்ளாட்டை வேலிக்குள் குட்டைப்புல்லில் விட்டால் அதன் பழைய தற்காப்பே பறிபோய்விடுகிறது. மழைக்குப் பின் திடீரென்று ஆடுகள் சோர்ந்து, தாடையின் கீழ் நீர்கோத்து வீங்கி, செத்து விழுவது இப்படித்தான்.

மருந்து கொடுத்தால் தீராதா? தயாபென்டசோல் என்ற புழுமருந்து 1961இல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதற்குச் சாகாத புழுக்களைப் பற்றிய செய்தியும் வந்துவிட்டது. அடுத்தடுத்து வந்த மருந்துகளுக்கும் அதுவே நடந்தது. வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடுகிறது. நச்சுள்ள தழைகளையும் தின்று பழகிய ஈரலின் வேலை இது என்று கருதுகிறார்கள். செம்மறிக்கான அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுத்தால் பலவீனமான புழுக்கள் மட்டும் சாகும், தாங்கும் புழுக்கள் மிஞ்சும்.

பல காலம் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்று உண்டு: மந்தை முழுவதற்கும் மருந்து கொடு, உடனே புழு இல்லாத புது மேய்ச்சலுக்கு ஓட்டிப் போ. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! பரிணாமக் கண்ணோடு பார்த்தால் இதைவிட மோசமான யோசனை இல்லை. மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டுமே ஆடுகளின் வயிற்றில் இருக்கின்றன. அவற்றின் முட்டைகள் மட்டுமே புது நிலத்தில் விழுகின்றன. போட்டிக்குச் சாதாரணப் புழு ஒன்றுகூட அங்கே கிடையாது. எதிர்ப்புள்ள புழுவுக்கு நாமே நாற்றங்கால் போட்டுக் கொடுக்கிறோம்.

இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுக்காதே. மந்தையில் சில ஆடுகளே பெரும்பகுதிப் புழுக்களைச் சுமக்கின்றன, அவற்றை மட்டும் கண்டுபிடி. மற்ற ஆடுகளில் மருந்தையே பார்க்காத புழுக்கள் இருந்துவிட்டுப் போகட்டும், அவை தப்பிய புழுக்களோடு இணைசேர்ந்து எதிர்ப்பை நீர்க்கச் செய்யும்.

கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் உருவான ஒரு வண்ண அட்டை போதும். ஆட்டின் தலையைத் தொடைக்கு நடுவே அணைத்துக்கொண்டு, கட்டைவிரலால் கீழிமையை மெல்ல இழுத்து, உள்சவ்வின் நிறத்தை வெயில் வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஐந்து நிறம். நல்ல சிவப்பென்றால் ரத்தம் இருக்கிறது, விட்டுவிடலாம். வெளிறி வெள்ளையானால் உடனே மருந்து. ஒரு ஆட்டுக்குச் சில விநாடிதான். முதல் சில நாள் நிறம் பிடிபடாது, நடுவிலுள்ள இளஞ்சிவப்பில் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

தீனியிலும் ஒரு வேலை இருக்கிறது. தழையைத் தரையில் கொட்டாமல் கட்டாகக் கட்டி ஆட்டின் தலைக்கு மேலே தொங்கவிட வேண்டும். தொட்டியில் வைத்த தீனியைச் சலிப்போடு முகர்ந்துகொண்டிருந்த ஆடுகூட, தொங்கும் தழையைக் கண்டதும் முன்னங்கால்களைக் கம்பத்தில் ஊன்றி, பின்னங்கால்களில் நிமிர்ந்து, கழுத்தை நீட்டி உச்சி இலையைத்தான் முதலில் பறிக்கும்.